தேயாத தரகர்

தரகரின் வேலை நம் வியாபாரிகள் யாவரும் அறிந்ததே. விற்பவரையும் வாங்குபவரையும் ஓரிடத்தில் கூட்டிப் பேரத்தை முடித்து வைப்பார். சரக்கு கைமாறியதும் அவர் அடுத்த பேரத்திற்குப் போய்விடுவார். ரசாயனத்திலும் இப்படியொரு தரகர் உண்டு. அதற்குக் கிரியா ஊக்கி என்று பெயர். (கமிஷன் கேட்பதில்லை என்பது ஒன்றே வித்தியாசம்!) வனஸ்பதி டின்னை அறியாத மளிகைக் கடை உண்டோ? எண்ணெயோடு ஹைட்ரஜன் வாயுவைச் சேர்த்து அதை இறுகச் செய்வதற்குத் தரகு பார்ப்பது நிக்கல் தூள்.

மருந்துச் சரக்குகள் செய்வதில் பல்லேடியம் என்னும் விலையுயர்ந்த உலோகம் இவ்வேலையைப் பார்க்கிறது. அது திரவத்தோடு கலந்து போய்விட்டால் முதலுக்கே சேதாரம். மருந்திலும் உலோகம் தங்கிவிடும். ஆகவே தரகரை அசையாமல் உட்கார வைக்க ஓர் இடம் தேவை. வருவோர் போவோருக்கு வழியும் இருக்க வேண்டும்.

2005-ம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் உமர் யாகியும் அவருடைய கூட்டாளிகளும் அதற்கேற்ற ஒரு பதார்த்தத்தைச் செய்து காட்டினார்கள். யாகி 1965-ல் அம்மான் நகரில், பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். இதற்கு அண்ணன் முறையான, உலோகம் கலந்த படிகங்களுக்காக 2025-ல் வேறு இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தத் தம்பியிலோ உலோகமே கிடையாது. கார்பன், ஹைட்ரஜன், போரான், ஆக்ஸிஜன் ஆகிய இலேசான அணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றி, கல்கண்டைப் போல் ஒழுங்கான படிகமாய், உள்ளே தேன்கூட்டைப் போல் அறை அறையாய் நிற்கின்றன. அடுப்புக் கரியிலும் துளைகள் உண்டு. அவை பெரிதும் சிறிதுமாகத் தாறுமாறாயிருக்கும். இங்கே எல்லாம் ஒரே அளவு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பாகமாக்கினால், முதலில் வந்த ஒரு வகையின் துளை அதில் ஏறத்தாழ 2.7 பாகம். அதன் ஒரு கிராமுக்குள் அடங்கிய பரப்பு 1,590 சதுர மீட்டர். அதாவது 20 அடி அகலமும் 60 அடி நீளமும் உள்ள கடைகள் பதினான்கின் தரையை ஒரு சிட்டிகைத் தூளுக்குள் மடித்து வைத்தது போலாகும்!

ஆனால் போரான் கொண்ட அந்த முதல் வகைகள் ஈரம் பட்டால் கட்டுக் குலைந்தன. நைட்ரஜனைக் கொண்டு பிணைத்தவை தாங்கின. 2011-ல் சீனாவின் லான்சோ சர்வகலாசாலையார் அத்தகைய படிகத்தில் பல்லேடியத்தைப் பதித்து, கார்பனோடு கார்பனைச் சேர்க்கும் வேலையை நடத்தினார்கள். வடிகட்டி எடுத்துத் திரும்பவும் உபயோகித்தபோது அதன் வேலை குன்றவில்லை. நம் கணக்கில் இதுவே பெரிய காரியம். 2015-ல் யாகி கூட்டத்தார் கோபால்ட் அமர்ந்த படிகத்தைத் தண்ணீரில் வைத்து மின்சாரம் செலுத்தி, கரியமில வாயுவைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றினார்கள். செலுத்திய மின்சாரத்தில் நூற்றுக்கு 90 பங்கு அந்த ஒரு காரியத்திற்கே பயன்பட்டது. அவ்வாயு விஷமே எனினும், எரிபொருளும் பிற ரசாயனங்களும் செய்வதற்கு அது மூலச் சரக்கு.

ஆயினும் இப்படிகங்களில் பலவற்றைச் சிறு கண்ணாடிக் குழாயில் அடைத்து மூன்று நாள் சூட்டில் வைத்தே எடுக்கிறார்கள். மூட்டைக் கணக்கில் கேட்கிறவருக்கு அது எம்மட்டும் போதும்?