மூடினாலும் விழித்திருக்கும் லேப்டாப்

மூடியைச் சாத்தினாலும் லேப்டாப் வேலை செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால், செட்டிங்ஸைத் திறப்பதற்கு முன் நான் ஒன்று கேட்பேன். இது வீட்டோடு இருக்கும் லேப்டாப்பா, பையோடு ஊர் சுற்றும் லேப்டாப்பா? இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது.

என் வீட்டு அலமாரியில் மோடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. வீட்டில் எல்லோருடைய போனிலிருந்தும் படங்கள் அதில்தான் வந்து சேருகின்றன. திறந்து வைத்தால் கீபோர்டில் தூசி அடையும், இடமும் அடைக்கும். அதனால் எப்போதும் மூடியே இருக்கிறது, ஆனால் தூங்குவதில்லை. கரண்ட் போனாலும் அதன் பேட்டரியே யூபிஎஸ் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாமல் இப்படி வைத்துக்கொள்வதில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்.

மூடியது லேப்டாப்புக்கு எப்படித் தெரிகிறது? பெரும்பாலான மாடல்களில் திரையின் விளிம்புக்குள் ஒரு சிறு காந்தமும், கீபோர்டு பக்கம் அதை உணரும் ஹால் சென்சாரும் இருக்கும். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைக் கீபோர்டின் ஓரமாக மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஓர் இடத்தில் திரை சட்டென்று அணையும். சென்சார் அங்கேதான். காந்தக் கொக்கி வைத்த வாட்ச் ஸ்ட்ராப் கட்டியிருக்கும்போது டைப் செய்தால் லேப்டாப் திடீரென்று தூங்கிவிடுகிறது என்று சொல்பவர்கள் முதலில் இதைச் சோதிக்கலாம். (வட்டு சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் உள்ள மெஷினில் பெரிய காந்தத்தை வைத்து விளையாட வேண்டாம்.)

விண்டோஸில் கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸுக்குள், மூடியைச் சாத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கம் இருக்கிறது. பேட்டரிக்கு ஒரு கட்டம், சார்ஜருக்கு ஒரு கட்டம். பையோடு போகும் லேப்டாப் என்றால் சார்ஜர் கட்டத்தில் மட்டும் ‘டூ நத்திங்’ வையுங்கள். பேட்டரி கட்டத்தில் ‘ஸ்லீப்’ அப்படியே இருக்கட்டும். பலரும் இதோடு நிறுத்திவிட்டு, இரவில் போட்ட டவுன்லோட் பாதியில் நின்றது ஏன் என்று கேட்பார்கள். மூடி வேறு, சும்மா இருக்கும் நேரத்தை எண்ணும் கடிகாரம் வேறு. சார்ஜரில் இருக்கும்போது எவ்வளவு நேரத்தில் தூங்க வேண்டும் என்ற இடத்தில் ‘நெவர்’ என்று தனியாக மாற்ற வேண்டும்.

லினக்ஸில் சிஸ்டம்டி உள்ள வகைகளில் பெரும்பாலும் லாகின்டி என்ற சேவைதான் மூடியைக் கவனிக்கிறது. அதன் கான்ஃப் கோப்பில் ‘ஹேண்டில் லிட் ஸ்விட்ச்’ வரியில் ‘இக்னோர்’ என்று போட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும். அதே பெயரில் ‘எக்ஸ்டர்னல் பவர்’ சேர்ந்த இன்னொரு வரி உண்டு. அதை மட்டும் மாற்றினால் சார்ஜரில் விழித்திருக்கும், பேட்டரியில் தூங்கும். க்னோம் போன்ற டெஸ்க்டாப் இருந்தால் அதன் ‘ஆட்டோமேட்டிக் சஸ்பெண்ட்’டையும் அணைக்க வேண்டும்.

மேக்கில் சார்ஜர், வெளித்திரை, வெளிக் கீபோர்டு, மவுஸ் இருந்தால் மூடியபடியே ஓடும். ‘கஃபினேட்’ கட்டளை சும்மா இருக்கும்போது வரும் தூக்கத்தைத்தான் தடுக்கும். மூடியைச் சாத்தினால் அது உதவாது.

இனி முக்கியமான விஷயம், சூடு. சில மாடல்கள் கீபோர்டின் இடைவெளி வழியாகவும் வெப்பத்தை விடும். சிலவற்றில் வெப்பக்காற்று வெளியேறும் வழி கீல் ஓரத்தில் இருக்கும். மூடினால் அந்த வழி குறுகிவிடும். என் லேப்டாப்பின் அடியில் இரண்டு மரச்சட்டங்கள் வைத்துக் கீழே காற்றோட்டம் விட்டிருக்கிறேன். மெத்தை மேலோ துணி மேலோ வைக்கவே கூடாது. வீடியோ எடிட்டிங் போல ப்ராசஸரை முழுதாக இழுக்கும் வேலையை மூடிய நிலையில் கொடுக்காதீர்கள். படம் சேமிப்பது, டவுன்லோட், பாட்டு ஓடுவது போன்ற லேசான வேலைகள் சரி.

‘ஒன்றும் செய்யாதே’ என்று சொன்னபின் சில லேப்டாப்புகளில் திரை விளக்கும் உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு மூடியின் ஓர இடுக்கில் பாருங்கள். மெல்லிய வெளிச்சக் கோடு தெரிந்தால், திரை ஒரு நிமிடத்தில் அணையும்படி செட்டிங்ஸில் மாற்றுங்கள். மூடும்போது தானாக லாக் ஆவதும் நின்றுபோயிருக்கலாம். ஆபீஸ் லேப்டாப் என்றால் கையாலேயே லாக் செய்துவிட்டு மூடுங்கள்.

எந்நேரமும் சார்ஜரில் இருக்கும் லித்தியம் பேட்டரி 100 சதவீதத்திலும் சூட்டிலும் சீக்கிரம் கெடும். பல கம்பெனிகள் 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதியை பயாஸிலோ தங்கள் ஆப்பிலோ தருகின்றன. இருந்தால் கட்டாயம் போட்டுவிடுங்கள்.

அலமாரியில் வைத்தாயிற்று என்று விட்டுவிடாமல் அவ்வப்போது அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ, பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, சர்வீஸ் ஆளிடம் காட்டுங்கள். அதை அழுத்தவோ குத்தவோ செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.