பிள்ளையின் பெயரில் கணக்குத் திறக்கும் முன்

பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் வருகின்றது. மதரஸாவின் விடுமுறை அறிவிப்பும் அதே வழியில்தான் வருகின்றது. 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிப் பள்ளிகள் அடைபட்டுக் கிடந்தபோது, பிள்ளையின் படிப்பு கெட்டுவிடக்கூடாதே என்று கடன்பட்டேனும் கைபேசி வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் நம் காரியாபட்டியிலும் சுற்றுப்புறங்களிலும் உண்டு. நோய் போய்விட்டது, கைபேசி போகவில்லை. ஆகவே, கொடுக்கலாமா கூடாதா என்ற பழைய வாதத்தை ஓரமாக வைத்துவிட்டு, கொடுத்தாகிவிட்ட கைபேசியில் பிள்ளையின் கணக்கை யார் திறப்பது, யார் பொறுப்பில் வைப்பது, எப்போது அவன் கையில் விடுவது என்பதை மார்க்கத்தின் வெளிச்சத்தில் இம்மாதம் ஆராய்வோம்.

கணக்கு என்று நாம் இங்கே சொல்வது வங்கிக் கணக்கை அன்று. கூகுள் போன்ற நிறுவனத்திடம் ஒரு பெயர், ஒரு பிறந்த தேதி, ஒரு கடவுச்சொல் கொடுத்துப் பதிந்துகொள்வதையே சொல்கின்றோம். நம்மிடையே பெரும்பாலோர் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசியில் இது இல்லாமல் பிளே ஸ்டோரிலிருந்து ஒரு செயலியைக்கூட இறக்க இயலாது. பிள்ளை எதைத் தேடினான், எதைப் பார்த்தான் என்ற விவரங்களெல்லாம் இந்தக் கணக்கின் பெயரில்தான் சேர்கின்றன. வங்கிக் கணக்குக்காவது நாம் நேரில் போய்க் கையெழுத்திடுகின்றோம். இதை யார் திறந்து கொடுக்கின்றார்கள்? கைபேசி விற்ற கடைப் பையன் திறந்து கொடுக்கின்றான். அவன் மனத்தில் தோன்றிய கடவுச்சொல்லை வைத்து, அதை அட்டைப்பெட்டியின் மேல் எழுதியும் கொடுத்துவிடுகின்றான். கடவுச்சொல் மறந்தால் மீட்பதற்குரிய தொலைபேசி எண்ணோ, சவூதியிலோ துபாயிலோ இருக்கும் அத்தாவின் எண்ணாக இருக்கும். அல்லது எப்போதோ அணைந்துபோன பழைய சிம்மாக இருக்கும். வீட்டுச் சாவியை இப்படி நாலு பேர் கையில் விடுவோமா?

பிறந்த தேதி

ஆயினும் நாம் முதலில் பேச விரும்புவது சாவியைப் பற்றியல்ல. அந்தப் பிறந்த தேதியைப் பற்றி. பிள்ளைக்கு வயது ஒன்பது. உண்மையான தேதியைப் போட்டால், பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று கைபேசி கேட்கின்றது. இதென்ன தொந்தரவு என்று 2000 என்றோ 1995 என்றோ ஓர் ஆண்டைத் தட்டிவிடுகின்றோம். பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கின்றான். தனக்கு முப்பது வயது என்று தன் அத்தாவே எழுதுவதை அவன் காண்கின்றான்.

இதில் என்ன பெரிய பாவம் என்று சிலர் கேட்கக்கூடும். அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கின்றது. அவர்கள் சிறுவராக இருந்தபோது, அவர்களுடைய தாயார், வா, உனக்கு ஒன்று தருகின்றேன் என்ற கருத்தில் அழைத்தார்கள். அப்போது அந்த வீட்டில் இருந்த நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், என்ன கொடுக்க எண்ணினீர்கள் என்று வினவினார்கள். பேரீச்சம்பழம் என்று தாயார் சொன்னார்கள். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உங்கள்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். பிள்ளையைக் கூப்பிடுவதற்குச் சொல்லும் ஒரு சொல்லுக்கே இந்தக் கணக்கு என்றால், பிள்ளையைச் சாட்சியாக நிறுத்தி எழுதும் பொய்க்கு என்ன சொல்வது?

நம் வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இது புதிதன்று. சாத்தூர், சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசுகளில் சிறு பிள்ளைகள் குச்சி அடுக்கிய காலம் ஒன்று இருந்தது. ஆய்வாளர் வந்தால் வயதைக் கூட்டிச் சொல்லச் சொல்லிப் பிள்ளைக்குப் பாடம் நடத்தியதையும் அவர்கள் அறிவார்கள். தீப்பெட்டி, பட்டாசு வேலையில் பிள்ளைகளைச் சேர்க்கக்கூடாதென்று 1986-இல் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், பிள்ளைகளை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அன்று வயதைக் கூட்டியதற்கு வறுமை ஒரு காரணமாக இருந்தது. இன்று கூட்டுவதற்கு அந்தக் காரணமும் கிடையாது. சற்று நேரம் உட்கார்ந்து படிக்கப் பொறுமை இல்லை, அவ்வளவே.

பாவம் ஒருபுறமிருக்க, இந்தப் பொய்யினால் நஷ்டப்படுவதும் பிள்ளைதான். முப்பது வயதுக்காரர் என்று எழுதியபின், முப்பது வயதுக்காரருக்குரிய விளம்பரமும் படமும்தான் அவன் முன்னால் வரும். சிறுவர்களுக்கென்று வைக்கப்பட்ட தடுப்புகள் எல்லாம் அந்த ஓர் எண்ணால் விலகிவிடும். உதாரணமாக, இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்குட்பட்டோரின் கணக்கு, அந்நியர் எளிதில் பார்க்கவும் செய்தி அனுப்பவும் முடியாதவாறு தானாகவே அமைக்கப்படுகின்றது; 2025-இல் நம் நாட்டிலும் இது நடப்புக்கு வந்தது. பொய் வயது கொடுத்த பிள்ளைக்கு இந்த வேலி கிடைக்காது.

இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் 13 வயது நிறையாதவர்களுக்கு அனுமதி இல்லை என்றே தங்கள் நிபந்தனைகளில் எழுதியிருக்கின்றன. நிபந்தனைக்கு உடன்படுகின்றேன் என்று தட்டிவிட்டு மீறுவது ஒரு முஸ்லிமுக்கு அழகன்று. உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு அல்-மாயிதா அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே அல்லாஹ் கட்டளையிடுகின்றான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளிக் குழு வேண்டுமென்றால் அது தாயின் எண்ணில் இருக்கட்டும். தாய் பார்த்துச் சொன்னால் பாடம் குறைந்துவிடாது.

நாட்டுச் சட்டமும் இந்தப் பக்கமே நகர்கின்றது. 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிறையாத எவரும் குழந்தையே. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்துப் பெறவேண்டும். குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யலாகாது. தவறினால் நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான பகுதிகளுக்கு 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கின்றது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல், 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கவே தடை வந்துவிட்டது. ஆனால் எந்தச் சட்டமும் தகப்பன் எழுதும் பொய்த் தேதியின் முன் பலிக்காது.

பொறுப்பாளர் யார்?

உங்களில் ஒவ்வொருவரும் மேய்ப்பரே, ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற கருத்துள்ள நபிமொழியை ஜும்ஆ மேடையில் அடிக்கடி கேட்டிருக்கின்றோம். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ள அந்த ஹதீஸில், பெண் தன் கணவனின் வீட்டுக்கும் அவனுடைய மக்களுக்கும் மேய்ப்பாளி என்று தனியாகவே சொல்லப்பட்டிருக்கின்றது. இந்தப் பகுதியை நாம் அவ்வளவாக எடுத்துப் பேசுவதில்லை.

கூகுள் நிறுவனத்தின் ஃபேமிலி லிங்க் என்ற ஏற்பாட்டைத் தாய்மார்கள் கற்றுக்கொள்ளவேண்டும் என்பது நம் கருத்து. இதற்குப் பணம் கட்டவேண்டியதில்லை. தாயின் கைபேசியில் அந்தச் செயலியை வைத்துக்கொண்டு, தாயின் கணக்கின்கீழ்ப் பிள்ளைக்கு அவன் உண்மையான பெயரிலும் பிறந்த தேதியிலும் ஒரு கணக்குத் திறக்கவேண்டும். அதன்பின் பிள்ளை புதிதாக ஒரு செயலியை இறக்க முயன்றால் தாயின் கைபேசிக்குக் கேள்வி வரும். அவர் சம்மதித்தால்தான் இறங்கும். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், இரவில் எத்தனை மணிக்குக் கைபேசி தானாகப் பூட்டிக்கொள்ளவேண்டும் என்பதையும் தாயே குறித்துவிடலாம். யூடியூபில் சிறுவர்களுக்குரியதை மட்டும் திறந்துவிடலாம்.

அத்தா வெளிநாட்டிலிருந்தே இதையெல்லாம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது பெரும்பாலும் சரிப்படாது. குடும்பக் குழுவில் உள்ளவர்கள் ஒரே நாட்டில் இருக்கவேண்டும் என்பது கூகுளின் நிபந்தனை. ஆகவே காரியாபட்டியில் பிள்ளையோடு இருக்கும் தாயே பொறுப்பாளராக இருப்பதுதான் நடைமுறைக்கும் ஒத்தது. மேலே கண்ட ஹதீஸுக்கும் ஒத்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாதே என்று ஒதுங்கவேண்டாம். கைபேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ள முடியும்.

ஏற்கெனவே பொய்த் தேதியில் திறந்த கணக்கு இருந்தால்? அதைத் திருத்துவதே சரி. திருத்தும்போது, பெற்றோர் மேற்பார்வையின்கீழ்க் கொண்டுவருமாறு கேட்கும். கொண்டுவராவிட்டால் கணக்கு முடங்கும். ஆகவே உள்ளே இருக்கும் படங்களை முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு திருத்துங்கள்.

படங்கள் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். ஒரே கணக்கை வீட்டில் மூன்று கைபேசிகளில் போட்டு வைத்திருப்போர் உண்டு. படங்களைச் சேமித்து வைக்கும் ஏற்பாடு அதில் திறந்திருந்தால், கல்யாண வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த படம் மகனின் கைபேசியிலும் வந்து நிற்கும். மகனின் கைபேசியை அவன் கூட்டாளிகளும் புரட்டுவார்கள். பர்தாவைப் பேணும் வீடுகள் இதைக் கவனிப்பதில்லை. ஆளுக்கொரு கணக்கு என்று பிரித்துக்கொள்வதே இதற்குப் பரிகாரம்.

மூன்று வேளைகள்

அந்நூர் அத்தியாயத்தின் 58-ஆம் வசனத்தில், பருவமடையாத சிறுவர்களும்கூட மூன்று வேளைகளில் அனுமதி கேட்டே பெரியவர்களின் அறைக்குள் வரவேண்டும் என்று அல்லாஹ் கற்பிக்கின்றான். பஜ்ருத் தொழுகைக்கு முன், நண்பகலில் ஆடை களைந்து ஓய்வெடுக்கும் வேளை, இஷாத் தொழுகைக்குப் பின் ஆகியவையே அவை. இந்த வசனம் வீட்டாரின் அந்தரங்கத்தைப் பற்றியது, கைபேசியைப் பற்றியதன்று. ஆயினும் சற்று எண்ணிப் பாருங்கள்: பெரியவர்கள் அயர்ந்திருக்கும் இதே வேளைகளில்தான் பிள்ளை கைபேசியோடு தனித்திருக்கின்றான். பூட்டுப் போடும் நேரங்களைக் குறிக்கையில் இம்மூன்றையும் முதலில் குறிப்பது நன்று.

பட்டாசு ஆலைகளுக்குள் கைபேசி கொண்டுபோகக்கூடாது என்பது நம் மாவட்டத்தில் எல்லோரும் அறிந்த கட்டுப்பாடு. அங்கே வேலை செய்வோர் யாரும் தங்களை நம்பவில்லையே என்று கோபித்துக்கொள்வதில்லை. வீட்டிலும் அப்படி ஓரிடம் இருக்கட்டும். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் எல்லாக் கைபேசிகளும் அங்கே போய்ச் சேரட்டும், அத்தாவுடையதும் சேர்த்துத்தான். அத்தா படுக்கையில் புரண்டுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தால், பிள்ளைக்குப் போட்ட பூட்டு நிலைக்காது.

கண்காணிப்பும் துருவலும்

பிள்ளையின் கைபேசியைப் பார்ப்பது, அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் தடுக்கப்பட்ட துருவி ஆராய்தல் ஆகாதா என்று ஒரு சகோதரி கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நம் அறிவுக்கு எட்டியவரை, சிறு பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் பார்ப்பது மேய்ப்பரின் கடமை. வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாமல், குற்றம் கிடைக்காதா என்று தோண்டுவது வேறு. ஃபேமிலி லிங்க் வைத்திருக்கும் தாய்கூடப் பிள்ளையின் மடல்களையும் செய்திகளையும் படிக்க முடியாது. எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் இருந்தான் என்பதே தெரியும். மேற்பார்வை இருக்கின்றது என்பதும் பிள்ளைக்குத் தெரிந்தே இருக்கும். ஒளித்து வைக்கும் வேவுச் செயலிகளைவிட இதுவே மார்க்கத்துக்கு அருகில் இருப்பதாக நமக்குப் படுகின்றது. இதை ஃபத்வாவாகச் சொல்லவில்லை. சந்தேகமிருப்போர் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.

இன்னொன்று. மகளின் கைபேசியைத் தினமும் வாங்கிப் பார்க்கின்றோம், மகனைக் கேட்பதில்லை. பார்வையைத் தாழ்த்துமாறு அந்நூர் அத்தியாயத்தில் வரும் கட்டளை முதலில் ஆண்களுக்குத்தான் வருகின்றது. பெண்களுக்கு அடுத்த வசனத்தில் வருகின்றது. வரிசை அப்படியிருக்க, நம் வீடுகளில் மட்டும் அது ஏன் தலைகீழானது?

யாராவது அந்நியர் மிரட்டினாலோ, அசிங்கமான படம் கேட்டாலோ, பிள்ளை முதலில் ஓடிவரவேண்டிய இடம் வீடுதான். அடி விழும் என்று தெரிந்தால் வரமாட்டான். மிரட்டியவன் கேட்டதைக் கொடுப்பான். சொன்னால் அடிக்கமாட்டோம் என்பதைக் கணக்குத் திறக்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னதைக் காப்பாற்றுங்கள். பிள்ளைகளுக்கான உதவிக்கு 1098, கைபேசி வழிப் பண மோசடிக்கு 1930 என்ற எண்கள் இருக்கின்றன. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்தது. சூதாட்டம் நமக்குத் திருமறையிலேயே விலக்கப்பட்டது; சட்டத்துக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. தாயின் கைபேசியில் உள்ள பணம் அனுப்பும் ரகசிய எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லிக் கடைக்கு அனுப்பும் பழக்கத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

எப்போது விடுவது?

ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் கண்டிப்புக் காட்டுங்கள், படுக்கைகளைப் பிரித்துவிடுங்கள் என்று நபிமொழி படிப்படியாகவே கொண்டுபோகின்றது. அன்னிஸா அத்தியாயத்தின் 6-ஆம் வசனமும் அப்படியே. அநாதைகள் பருவமடையும்வரை அவர்களைச் சோதித்து வாருங்கள், பக்குவம் கண்டால் அவர்கள் சொத்தை ஒப்படையுங்கள், ஒப்படைக்கும்போது சாட்சி வையுங்கள் என்பது அதன் கருத்து. சோதிப்பது என்றால் என்ன? சிறு தொகையைக் கொடுத்து வாங்கி விற்கச் செய்து பார்ப்பது என்று ஃபிக்ஹு அறிஞர்கள் விளக்கியிருக்கின்றார்கள். ஒன்றும் கொடுக்காமல் பூட்டியே வைத்திருந்து, ஒருநாள் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுப்பதை வசனம் சொல்லவில்லை.

அதே முறையில், பத்து வயதில் ஒரு செயலிக்குத் தானே நேரம் வகுத்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். ஒரு மாதம் ஒழுங்காக நடந்தால் இன்னொன்றைத் திறந்துவிடுங்கள். மீறினால் திட்டாமல் ஒரு படி பின்னே எடுங்கள். 13 வயதில் நிறுவனத்தின் விதி மாறுகின்றது என்பதற்காக நாமும் அன்றே கைகழுவிவிட வேண்டியதில்லை. மேற்பார்வையைத் தொடர அதில் வழியிருக்கின்றது. பிளஸ் டூ முடித்து மதுரைக்கோ அருப்புக்கோட்டைக்கோ கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம், வீட்டார் முன்னிலையில் கணக்கை ஒப்படையுங்கள். அன்று கடவுச்சொல்லை அவனே மாற்றிக்கொள்ளட்டும். மீட்பு எண்ணாக இருந்த தாயின் எண்ணை எடுத்துவிட்டு, அவனுடைய சொந்த எண்ணைப் போட்டுக்கொள்ளட்டும்.