முற்றுப்பெறாத மருதநாயகம்

காளவாசலை அடுத்த சம்மட்டிபுரத்தில் சிறியதொரு பள்ளிவாசல் உளது. அவ்வழியே கல்லூரிக்கு வரும் நம்மிற் பலர், அங்கு அடங்கியிருப்பவர் யாவரென வினவியதில்லை. மதுரையை ஆண்ட கான்சாகிபு என்னும் யூசுப்கானே அவர். அவர் வரலாற்றைத் திரைப்படமாக்க எழுந்த பெருமுயற்சி இடையில் நின்றது ஏன் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1758-59இல் பிரெஞ்சுக்காரர் சென்னையை முற்றுகையிட்டபோது ஆங்கிலக் கம்பெனியின் சிப்பாய்களை நடத்திப் புகழ்பெற்றவர் இவர். பின்னர் மதுரையின் ஆட்சிப்பொறுப்பை ஏற்றார். 1763இல் கம்பெனியையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்து நின்றார். கோட்டை முற்றுகையிடப்பட்டது. உணவு குன்றிய நிலையில், உடனிருந்தோராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்.

இக்கதையை ‘மருதநாயகம்’ என்னும் பெயரால் படமாக்க நடிகர் கமல்ஹாசன் முனைந்தார். எழுத்தாளர் சுஜாதா துணைநின்றார். 1997 அக்டோபர் 16இல் சென்னை எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில், இங்கிலாந்து அரசியார் இரண்டாம் எலிசபெத் முன்னிலையில் தொடக்கவிழா நிகழ்ந்தது. கம்பெனியோடு பொருதவர் கதைக்கு அந்நாட்டு அரசியாரே வந்தமை வியப்பன்றோ! எனினும் பிறநாட்டு முதலீடு கைகூடாமற் போகவே, சில காட்சிகளோடு படப்பிடிப்பு நின்றது.

பொருள்முடை பெருமுயற்சி அனைத்தையும் வீழ்த்துமோ? வீழ்த்தாது என்பதற்கு ‘சந்திரலேகா’ சான்று. 1943இல் தொடங்கிய அப்படம் 1948 ஏப்ரல் 9ஆம் நாளே வெளிவந்தது. இயக்குநர் ராகவாச்சாரி இடையில் விலக, எஸ். எஸ். வாசனே அப்பொறுப்பை மேற்கொண்டார். ஏறக்குறைய 30 லட்சம் ரூபாய் செலவாயிற்றென்பர். ஆயினும் ஜெமினி ஸ்டூடியோ வாசனுடையது; அரங்கமைப்போரும் கலைஞரும் அவரிடமே ஊதியம் பெற்றனர். ஆதலின் கதையை மாற்றவும், காத்திருக்கவும், மீண்டும் எடுக்கவும் அவரால் இயன்றது. மருதநாயகத்துக்கோ கோட்டையும் குதிரைப்படையும் இருநாட்டுச் சிப்பாய்களும் ஒருங்கே வேண்டும். அவற்றுக்குரிய பொருளோ பிறர் கையில் இருந்தது. ஆகவே ஒரு முயற்சியைத் தடுப்பது அதன் பெருமையன்று. அதனைத் தாங்கும் நிலைத்த துணையின்மையே எனத் துணியலாம். கோட்டைக்குள் உணவற்றிருந்த கான்சாகிபுவின் நிலையும் இதுவே.

ஒன்று நினைவிற்குரியது. ‘கான்சாகிபு சண்டை’ என்னும் நாட்டுப்பாடல் இக்கதையை முன்னரே நமக்குத் தந்துளது. அதற்குக் குதிரைப்படையும் வேண்டியதில்லை, கோடிப்பொருளும் வேண்டியதில்லை. பாடுவோர் குரலும் கேட்போர் செவியுமே போதியனவாயின. திரையில் அவரைக் காணும் நாள் நம் கையிலில்லை. அப்பாடலைக் கற்பதும், அதனைக் கம்பெனியாரின் ஏடுகளோடு ஒப்பிட்டு மெய்ம்மை தேர்வதும் நம்மால் இயல்வன. தமிழ் பயிலும் நாம் அதனையேனும் முற்றுவிப்போமாக.