திறனும் அறமும்

கரும்பலகையில் வேண்டுமென்றே பிழையாக எழுதி மாணவரைச் சோதிக்கும் ஆசிரியர், அறியாமல் பிழை செய்பவரினும் வல்லவர். அவ்வாறாயின், அறிந்தே பொய்யுரைப்பவன் அறியாது பொய்யுரைப்பவனினும் நல்லவனோ? கிரேக்க அறிஞர் பிளேட்டோவின் ‘சிறிய ஹிப்பியாஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் இவ்வினாவை எழுப்பி, முடிவு காணாது திகைக்கிறார்.

பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) விடை பகர்ந்தார். தொழில்திறனில் அறிந்து பிழைப்பவர் மேலானவர். அறத்திலோ அவரே கீழானவர். திறன் இருபாலும் செல்லும். நோய் தீர்க்க வல்ல மருத்துவர் நோய் விளைக்கவும் வல்லவர். அறமோ நன்மையையே நாடும் உள்ளத்தின் நிலைத்த பண்பு. நற்செயல்களைச் செய்து செய்தே அமைவது.

நம் மும்மணிகளிலும் நன்ஞானத்தோடு நல்லொழுக்கம் தனியே வைக்கப்பட்டிருப்பதை நினைவு கூர்வோம். பிள்ளைகளிடம் மதிப்பெண்ணைக் கேட்கும் நாம், பெற்ற திறனை எதற்குப் பயன்படுத்துவர் என்றும் கேட்போமாக.