ஆள்சேர்ப்புத் துறையில் நிலைக்க விரும்பும் பெண்களுக்கு

நிறுவனத்துக்கு ஏற்ற பணியாளரைத் தேடி, பேசி, நேர்காணல் வரை கொண்டுசேர்க்கும் ஆள்சேர்ப்புப் பணியில் நுழையும் பெண், மென்பொருள், மருத்துவமனை, வாகன உற்பத்தி என ஏதேனும் ஒரு துறையைத் தேர்ந்து, அதன் வேலைகளையும் சம்பள நிலவரத்தையும் ஆழமாக அறிந்துகொள்வது நல்லது. ரெஸ்யூம் அனுப்புபவர் என்ற நிலையிலிருந்து ஆலோசகராக அவரை உயர்த்துவது அந்த அறிவே.

பணியாணை வழங்கிய பின்னரே இப்பணியின் கடினமான பகுதி தொடங்குகிறது. இந்திய மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் பீரியட், அதாவது விலகல் கடிதம் கொடுத்த பின்னும் பணியாற்றவேண்டிய காலம், 90 நாள் வரை நீள்வதால், அதற்குள் வேறொரு நிறுவனம் கூடுதல் சம்பளம் காட்டித் தேர்வானவரை இழுத்துவிடக்கூடும். வாரம் ஒருமுறை அவரை அழைத்து, விலகல் கடிதம் ஏற்கப்பட்டதா, வீடு மாறவேண்டியுள்ளதா, குடும்பத்தார் இசைந்தனரா என்று கேட்டுக் குறித்துவைப்பவருக்குக் கடைசிநேர ஏமாற்றம் குறையும். தேர்வாகாதவருக்கும் முடிவைத் தவறாமல் தெரிவிக்கவேண்டும். அவரே பின்னாளில் ஆளெடுக்கும் மேலாளராக அமர்வதுண்டு.

2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் கூடிய விடுப்பை வழங்கினாலும், எதிர்பார்க்கப்படும் பேறுகாலத்துக்கு முந்தைய 12 மாதங்களில் அதே நிறுவனத்தில் குறைந்தது 80 நாள் பணியாற்றியிருக்கவேண்டும் என்பதால், வேலை மாறும் முன் இக்கணக்கைப் பார்ப்பது இன்றியமையாதது. நிரப்பிய பதவிகள், ஒவ்வொன்றுக்கும் ஆன நாட்கள், ஓராண்டு நிலைத்தவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை விடுப்புக்கு முன்பே எழுதிவைத்துக்கொண்டு, அந்தக் குறிப்பு கையில் இல்லாமல் சம்பளப் பேச்சுக்கு அமராதிருப்பது நலம்.