மோட்டார் சைக்கிளின் பூச்சும் மின்னோட்டமும்

பழைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில், விளக்கினின்று மின்னோட்டம் பாட்டரிக்குத் திரும்பும் வழி இரும்புச் சட்டமே. சட்டத்தைக் கழற்றிப் புதுப் பூச்சிடுவோர் இதனை எளிதில் மறந்துவிடுகின்றனர். வண்ணப் பொடியைத் தூவி, ஏறத்தாழ 200 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு அழகியது, உறுதியானது. ஆனால் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் கம்பியை முடுக்கும் திருகின் அடியில் அது எஞ்சினால் மின்தடை மிகும். 12 வோல்ட், 60 வாட் இழை விளக்கொன்று 5 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கும். இணைப்பில் 0.2 ஓம் தடை நேரின் ஏறத்தாழ 1 வோல்ட் வீணாகி, வெளிச்சத்தில் கால் பங்களவு குறைந்துவிடும். இரவில் சாலையில் செல்வோனுக்கு இது சிறு இழப்பன்று. பல்பை மாற்றிப் பயனில்லை. திருகிடத்தில் வெள்ளை உலோகம் தெரியும்வரை பூச்சைச் சுரண்டி, கம்பியை இறுக்கியபின், துருவேறாதவாறு மேலே கிரீஸ் தடவவேண்டும். பாட்டரியின் எதிர்மின் முனைக்குத் தனிக் கம்பியே ஓட்டிவிடுதல் இதனினும் நன்று.