ஒலிவாங்கியின் உள்ளுறுப்புக்கள்

இக்காலத்து மாணவர் பலர் நாடகம், பேச்சு, பண்ணிசை முதலியவற்றை வீட்டிலிருந்தே ஒலிப்பதிவு செய்கின்றனர். அதன்பொருட்டு அவர்கள் வாங்கும் மலிவான ஒடுக்கி ஒலிவாங்கிகள் பலவற்றில் ஒரு குறையை நாம் கேட்கின்றோம். 'பாசம்', 'ஓசை' என்னுஞ் சொற்களில் வரும் சகரவொலியும், வடசொற்களின் ஸகர ஷகரங்களும் செவியைக் குத்துமாறு சீறுகின்றன. தமிழ் கற்பிக்கும் நமக்கு இஃது அற்பச் செய்தியன்று. கருவி செய்த பிழைக்குப் பேசியவனின் உச்சரிப்பைக் குறைகூற நேருமன்றோ! நல்ல உறுப்புக்களை இட்டால் இக்குறை தீருமெனக் கேள்வியுற்றுச் சிலர் கைப்பொருளைச் செலவிடுகின்றனர். எதனை மாற்றுவது, ஏன் மாற்றுவது என்பதை அறிந்தபின் செலவிடுதல் நன்று.

இவ்வொலிவாங்கியின் உயிர்நிலை கப்சூல் எனப்படும் வட்ட வில்லையாகும். பொன்முலாம் பூசிய, மயிரினும் மெல்லிய பிளாத்திக்குச் சவ்வொன்று, துளையிட்ட பித்தளைத் தகட்டின்முன் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இரண்டுஞ் சேர்ந்து ஓர் ஒடுக்கியாகின்றன. ஒலியலையால் சவ்வு அசைய இடைவெளி மாறும். மாறவே மின்னழுத்தமும் மாறும். இம்மாற்றம் நீண்ட கம்பியிற் செல்ல வலுவற்றது. ஆதலின் திரான்சித்தர் ஒன்று அதனை ஏற்றுக் கம்பிக்கு ஏற்றவாறு ஆக்கி அனுப்புகின்றது. வேண்டிய 48 உவோற்று மின்னும் அதே கம்பிவழியே வருகின்றது.

பேர்லின் நகரத்து நொய்மான் நிறுவனம் 1960 ஆம் ஆண்டில் யூ 67 என்னும் ஒலிவாங்கியை வெளியிட்டது. அதன் கே 67 வில்லை, உயர்ந்த மீடிறனுடைய ஒலிகளை இயல்பாகவே கூட்டிக் கொடுப்பது. அதனை அறிந்தே, உள்ளிருந்த வெற்றிடக் குழாய்ச் சுற்று அவ்வொலிகளைக் குறைக்குமாறு அமைக்கப்பட்டது. கூட்டலுங் கழித்தலும் ஈடாயின. பிற்காலத்திற் சீன நாட்டில் ஆக்கப்பெற்ற மலிவான ஒலிவாங்கிகள் பல அவ்வில்லையின் வடிவத்தைப் பின்பற்றின, சுற்றையோ பின்பற்றவில்லை. எல்லா மீடிறன்களையும் ஒப்பக் கடத்தும் எளிய சுற்றொன்றை அதனோடு பொருத்தின. கழித்தலின்றிக் கூட்டல் மட்டும் எஞ்சியது. சீறலின் காரணம் பெரும்பாலும் இதுவே.

இதற்கு வழிகள் இரண்டுள. உயர்மீடிறனை அவ்வளவு கூட்டாத கே 47 வகை வில்லையைப் பழையது இருந்தவிடத்தில் இடலாம். அன்றேல், பழைய வில்லையை வைத்துக்கொண்டு சுற்றைத் திருத்தலாம். முன்னதே எளிது, சில மெல்லிய கம்பிகளைப் பற்றாசிட்டால் முடியும். சவ்வை மாத்திரம் விரலாலே தீண்டுதலும், தூசு போகவென வாயால் ஊதுதலும் ஆகா. வில்லையை விடுத்து, திரான்சித்தரையும் ஒடுக்கிகளையும் மாத்திரம் விலையுயர்ந்தனவாக மாற்றுவோருக்கு இரைச்சல் சிறிது குறையலாம், சீறல் குறையாது. ஆயினும், சிலவகைப் பீங்கான் ஒடுக்கிகள் அதிர்வைத் தாமும் மின்னாக்கும் இயல்பின. ஒலி செல்லும் வழியில் அவையிருப்பின் பொலிஸ்ரைரீன் ஒடுக்கியிடுதல் தகும்.

திரான்சித்தரின் வாயிலில் உள்ள தடை 100 கோடி ஓம் அளவினதாகும். அத்துணைப் பெருந்தடையின் அருகில், விரலின் எண்ணெய்ப்பசையும் மின் கசியும் வழியாகிப் பொரியும் ஒலியைத் தரும். வேலை முடிந்தபின் அவ்விடத்தைத் தூய மதுசாரத்தால் துடைத்து உலர்த்துக. வெற்றிடக் குழாயுள்ள ஒலிவாங்கிகளையோ மாணாக்கர் திறத்தலே கூடாது. அவற்றினுள் 100 உவோற்றுக்கு மேற்பட்ட மின் உண்டு. நிறுத்தியபின்னும் அது ஒடுக்கிகளில் தங்கும்.

கருவியைத் திறக்குமுன் சகரம் மிகுந்த உரைப்பகுதி ஒன்றை வாசித்துப் பதிந்துவைக்க. மாற்றியபின் அதே அறையில், அதே தூரத்தில், அதே குரலில் மீண்டும் பதிந்து இரண்டையும் ஒப்பிடுக.